புள்ளியும் தூசும்



ஓலைச் சுவடிகளைப் படித்துப் பழகியோர் நன்கறிந்த செய்தியொன்று உண்டு. பனையோலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்தின் தலைமேல் இடவேண்டிய புள்ளியைப் பெரும்பாலும் இடாதே விட்டனர். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருக்கவும், அவர்கள் அவ்வாறு செய்தமைக்குக் காரணம் எழுத்தாணியே என்பர். அதன் கூர்முனையை ஓரிடத்தில் அழுத்திக் குத்தினால் ஓலை துளைபடும். துளைபட்ட இடத்திலிருந்து நார்வழியே கிழிந்தும் போகும். ஆகவே, ஓலையில் 'பல' என்று கண்டால், அது மிகுதியைக் குறிக்கும் பல என்னும் சொல்லோ, வாயிலுள்ள பல்லோ என்று முன்னும் பின்னும் நோக்கித் துணியும் பொறுப்புப் படிப்பவரைச் சார்ந்ததாயிற்று.

ஏட்டிலே இல்லாத புள்ளியைக் கருத்தினால் இட்டுப் படித்த காலம் அது. இக்காலத்திலோ அதற்கு நேர்மாறான இடரொன்று தோன்றியிருக்கின்றது. பழைய ஏடுகளும் அச்சுத் தாள்களும் இன்று டிஜிற்றல் கமராவினாற் படமெடுத்துச் சேமிக்கப்படுகின்றன. அவ்வாறு எடுத்த படங்களிற் சில வேளைகளில், எழுதினவர் இடாத புள்ளி, அச்சுக்கோத்தவர் கோக்காத புள்ளி, தானாகவே வந்து நிற்கின்றது. அதனை இட்டது கமராவின் உள்ளே படிந்த தூசு. கண்ணுக்குத் தெரியாத அத்துகள் எங்கே படிகின்றது, எவ்வாறு எழுத்தின் உருவத்தை எடுத்துக்கொள்கின்றது, அதனை எவ்வாறு அகற்றலாம், அகற்றும்போது எதனை அஞ்சவேண்டும் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

இதனை விளக்குவதற்கு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையினும் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் அவ்வூரிலே செமினறி என்னும் உயர்தரக் கல்விக்கூடத்தை ஏற்படுத்தினர். அது 1855ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பின்னர், 1872ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கல்லூரி அங்கே தோன்றிற்று. செமினறியிற் கற்றவர்களுள் ஒருவர், சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. 1857ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவருள் அவரும் ஒருவர். மற்றவராகிய கறோல் விசுவநாதபிள்ளையும் அச்செமினறியின் மாணவரே. வீரசோழியத்தை 1881ஆம் ஆண்டிலும் கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலும் தாமோதரம்பிள்ளை அச்சேற்றினார். ஏட்டுக்கட்டை அவிழ்க்கும்பொழுதே ஓலை ஒடிந்து சொரிகின்ற அவலத்தை அவர் தம் பதிப்புரையிலே உருக்கமாக எடுத்துக் கூறியிருக்கின்றார். புள்ளியில்லாத ஓலையைப் பார்த்துப் புள்ளியிட்டு அச்சிடுவது எத்துணைப் பெரிய பொறுப்பு என்பதை அவரைப்போல் உணர்ந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே. அவர் கையிலே கமரா இருந்ததில்லை. இருந்திருப்பின் அவர் தூசைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருப்பார் என்று நம்பலாம்.

ஊரின் இயற்கையும் இங்கே கருதத்தக்கது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்த நிலம். வைகாசி தொடக்கம் ஆவணி, புரட்டாசி வரையில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகின்றது. மழையற்ற அம்மாதங்களில் ஒழுங்கைகளின் வெண்ணிறப் புழுதி வேலியைக் கடந்து வீட்டினுள்ளே புகுந்துவிடும். களப்பும் கடலும் அண்மையில் இருப்பதால் காற்றிலே உப்பும் ஈரமும் கலந்துள்ளன. உலர்ந்த தூசு எளிதில் அகலும். உப்பும் ஈரமும் சேர்ந்த தூசோ ஒட்டிக்கொள்ளும். இவற்றோடு ஏட்டுக்கட்டின் சொந்தத் தூசும் சேர்கின்றது. செல்லரித்த ஓலையின் பொடி, பரணிலே படிந்த அடுப்புக்கரி, எழுத்துத் தெளிவாய்த் தோன்றும்பொருட்டு மையாடியபோது தடவிய கரி ஆகிய இவையெல்லாம் கட்டை அவிழ்த்தவுடன் காற்றிலே கலந்துவிடும். ஆகவே ஏட்டைப் படமெடுக்கும் அறையைப்போலக் கமராவுக்குப் பகையான இடம் வேறொன்றில்லை எனலாம்.

இத்துணை இடரையும் பொறுத்துப் படமெடுப்பது ஏன் என்று வினவலாம். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஒரே நாளில் இடம்பெயர்ந்தபோது, பரண்மேல் இருந்த ஏட்டுக்கட்டுகளைச் சுமந்து செல்ல எத்தனை பேரால் இயன்றிருக்கும்? எஞ்சியவற்றையாவது படமாக்கி வைக்கவேண்டும் என்ற எண்ணம் அந்த இழப்புக்களிலிருந்தே வலுப்பெற்றது. 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் இத்துறையில் இன்று எல்லாரும் அறிந்த பெயர். மூல ஓலை பொடியாகிப்போன பின்னர் அப்படமே மூலமாகிவிடும். அப்பொழுது படத்திலுள்ள புள்ளி ஓலையிலும் இருந்ததா என்று போய்ப் பார்க்க இயலாது. தூசைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்குக் காரணம் இதுவே.

இனித் தூசு படியும் இடத்தைப் பார்ப்போம்.

படச்சுருள் வழங்கிய காலத்திலும் கமராவினுள்ளே தூசு புகுந்தது. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் சுருளின் புதிய பகுதி ஒன்று வந்து நின்றது. தூசு ஒரு படத்தைக் கெடுத்தாலும் பெரும்பாலும் அச்சுருளோடு நகர்ந்து போய்விட்டது. டிஜிற்றல் கமராவிலோ ஒளியை வாங்கும் தகடு ஒன்றே. சென்சர் என்று கடைகளில் வழங்கும் அந்த ஒளியுணரி, கமரா உழைக்கும் காலமெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அதன்மேல் இன்று படிந்த துகள், துடைத்தாலன்றி, நாளை எடுக்கும் படத்திலும் நாளை மறுநாள் எடுக்கும் படத்திலும் அதே இடத்திலே தோன்றும். முந்நூறு ஓலைகளைப் படமெடுத்து முடித்த பின்னரே ஒருவர் அதனைக் கண்டாராயின், முந்நூறு படத்திலும் அதே மூலையில் அதே புள்ளி இருக்கும்.

தூசு ஒளியுணரியின்மேல் நேரே படிவதில்லை. ஒளியுணரிக்கு முன்னால் மெல்லிய கண்ணாடி வடிகட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கின்றது. தூசு அமர்வது அக்கண்ணாடியின் முன்புறத்தில். ஆகையால் படத்திலே தெரிவது தூசின் நிழல். இந்த நுணுக்கத்தை மனத்திற் கொண்டால், தூசு சில படங்களிலே தோன்றியும் சில படங்களிலே தோன்றாதும் மாயங்காட்டுவதற்குக் காரணம் விளங்கும்.

முகில் மூடிய நாளிலே முற்றத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்குச் சற்று மேலே ஒரு விரலைப் பிடித்துப் பார்த்தால், நிழல் இருக்கின்றதோ இல்லையோ என்னும்படி மங்கலாயிருக்கும். வானம் முழுவதுமே விளக்காய் நின்று நாற்புறமிருந்தும் ஒளியைப் பாய்ச்சுவதால் நிழல் கலைந்து போகின்றது. இரவிலே ஒரு சிமிளி விளக்கின்முன் அதே விரலைப் பிடித்தாலோ, நிழல் கறுத்து, விளிம்பு தெளிந்து தோன்றும். கமராவின் வில்லைத் துவாரமும் அவ்வாறானதே. துவாரம் அகன்றிருக்கும்போது ஒளி பரந்த கூம்பாக வந்து தூசைச் சுற்றிக்கொள்கின்றது. துவாரம் சுருங்கும்போது ஒளி ஏறத்தாழ ஒரே திசையில் வந்து தூசின் நிழலைக் கூர்மையாக்குகின்றது. எஃப் 4 என்று வைத்தால் துவாரம் அகலமானது. எஃப் 16 என்று வைத்தால் மிகச் சிறியது.

கணக்கிட்டும் காட்டலாம். கண்ணாடியின் முன்முகத்துக்கும் ஒளியுணரிக்கும் இடைத்தூரம் 1.6 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். எஃப் எண்ணால் அதனை வகுத்தால், தூசு இருக்கும் இடத்தில் ஒளிக்கூம்பின் அகலம் கிடைக்கும். எஃப் 4இல் அஃது 0.4 மில்லிமீற்றர், எஃப் 16இல் 0.1 மில்லிமீற்றர். தலைமயிரினும் மெல்லியதாக, 0.05 மில்லிமீற்றர் அளவில் ஒரு துகள் இருப்பின், முன்னதில் அது மறைக்கும் ஒளி நூற்றில் இரண்டு பங்குகூட ஆகாது. பின்னதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை மறைத்துவிடும். நாலில் ஒரு பங்கு என்பது கண்ணுக்குப் புலப்படும் கருமை.

அப்படியானால் துவாரத்தை அகலத் திறந்தே படமெடுக்கலாகாதா? தாள் தட்டையாக இருந்தால் ஓரளவு அவ்வாறு செய்யலாம். பனையோலையோ தட்டையாக இருப்பதில்லை. நூற்றாண்டுக் கணக்காகக் கட்டுண்டு கிடந்த ஓலை நடுவிலே வளைந்தும் நுனியிலே முறுகியும் இருக்கும். அதனை அழுத்தித் தட்டையாக்க முயன்றால் ஒடிந்துவிடும். நடுவும் நுனியும் ஒருங்கே தெளிவாய் விழவேண்டுமானால் துவாரத்தைச் சுருக்குவதன்றி வேறு வழியில்லை. எனவே, எந்த ஓலை மிகப் பழையதோ, மிக நொய்ந்ததோ, அதனைப் படமெடுக்கும்போதே தூசும் மிகத் தெளிவாக வந்து விழுகின்றது.

அந்த நிழல் ஓலையிலே எவ்வளவு பெரிதாகத் தெரியும்? முழுச்சட்டகக் கமராவின் ஒளியுணரி 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடையது. 36 சென்ரிமீற்றர் நீளமான ஓலை ஒன்றை அதன் முழு நீளத்துக்கும் விழுமாறு எடுத்தால், ஓலை பத்திலொன்றாகச் சுருங்கி விழுகின்றது. ஆகவே ஒளியுணரியிலே 0.1 மில்லிமீற்றர் பரந்த நிழல், படத்தைப் பார்ப்பவருக்கு ஓலையின்மேல் 1 மில்லிமீற்றர் அளவான புள்ளியாகத் தோன்றும். சில மில்லிமீற்றர் உயரமே உள்ள ஏட்டெழுத்தின் தலையில் ஒரு மில்லிமீற்றர்ப் புள்ளி! மெய்யெழுத்துக்கு இதனினும் பொருத்தமான அளவிலே புள்ளி வைக்க எந்த எழுத்தராலும் இயலாது.

நிழல் சாம்பல் நிறமாய் இருக்கும், எழுத்துக் கறுப்பாய் இருக்கும், வேறுபாடு தெரியாதா என்று கேட்பாரும் உளர். மூலப்படத்தில் உற்று நோக்கினால் தெரியத்தான் செய்யும். ஆயினும் வாசகர் கையில் மூலப்படம் சேர்வது அரிது. கோப்பின் பருமனைக் குறைக்கும்பொருட்டும் எழுத்தை எடுப்பாகக் காட்டும்பொருட்டும் படத்தை முற்றும் கறுப்பு வெள்ளையாக மாற்றும் வழக்கம் உண்டு. அம்மாற்றத்திலே சாம்பல் நிறத்துக்கு இடமில்லை. ஓரளவுக்கு மேற்பட்ட நிழலெல்லாம் கறுப்பாகிவிடும். பின்னர் எழுத்துணரி மென்பொருள் அதனைப் படிக்கும்போது 'பல' என்பதைப் 'பல்' என்று பதிவு செய்துவிடும். அச்சுத்தாளிலே கேடு இன்னும் மிகுதி. 1841ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய உதயதாரகை போன்ற பழைய பத்திரிகையின் நுண்ணிய எழுத்திலே ஒரு மில்லிமீற்றர் நிழல் ஒற்றைக்கொம்பின் சுழியையே மறைக்கும். கணக்கேட்டிலே 15 என்ற தொகை 1.5 ஆகவும் கூடும்.

ஓலையில் எழுதியவர்களுட் சிலர் புள்ளியை அருகி இட்டதும் உண்டு. எந்தக் காலத்தில், எந்தப் பகுதியில், யார் இட்டனர் என்பது தமிழெழுத்து வரலாற்றை ஆராய்வோருக்குப் பயனுள்ள வினா. தூசு இட்ட புள்ளியை எழுத்தாணி இட்ட புள்ளி என்று கொண்டு ஒருவர் முடிவு கட்டினால், அம்முடிவை மறுக்கப் பிற்காலத்தவருக்குச் சான்றும் இராது.

இனி, உண்மைப் புள்ளியையும் பொய்ப் புள்ளியையும் பிரித்தறியும் வழி. அது மிக எளிது. அடுத்த படத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். ஓலை மாறியும் புள்ளி அதே இடத்தில் நின்றால், அது கமராவின் உள்ளே இருக்கின்றது. ஓலையோடு போய்விட்டால் அஃது ஓலைக்கு உரியது. ஐயம் தீராவிடின் அதே ஓலையை இரண்டு விரல் அகலம் நகர்த்தி மீண்டும் ஒரு படம் எடுக்கலாம். எழுத்தோடு சேர்ந்து நகரும் புள்ளி எழுத்துக்கு உரியது. எழுத்தை நகரவிட்டுத் தான் நிற்கும் புள்ளி தூசு.

பணி தொடங்குமுன்னரே தூசைக் கண்டுபிடிப்பதற்கும் முறையுண்டு. துவாரத்தை எஃப் 16 அல்லது எஃப் 22 என்று சுருக்கி, வெள்ளைச் சுவரையோ முகிலற்ற வானத்தையோ, குவியம் பொருந்தாமல் மங்கலாக விழுமாறு எடுக்கவேண்டும். படம் பதியும்பொழுது கமராவைச் சற்று அசைப்பது நல்லது. சுவரிலுள்ள கறை அசைவிலே கலைந்துவிடும். தூசு ஒளியுணரியோடு சேர்ந்தே அசைவதால் கலையாது. பின்னர்க் கணினியிலே படத்தை முழு அளவிற்குப் பெருக்கி, மூலை தொடங்கி மூலை வரை பார்க்கவேண்டும். படத்தின் மேற்புறத்திலே தெரியும் தூசு ஒளியுணரியின் கீழ்ப்புறத்தில் இருக்கும், ஏனெனில் வில்லை உருவத்தைத் தலைகீழாக விழுத்துகின்றது. முன்னின்று கமராவின் வாயினுள்ளே நோக்குபவருக்கு இடம் வலம் மட்டும் மாறுவதில்லை. இதனை அறியாதவர் சுத்தமான பக்கத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பர்.

தூசை அகற்றும் முறைகளிலே முதலாவது, கமரா தானே செய்துகொள்வது. ஒலிம்பஸ் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட இ-1 என்னும் கமராவில் முன்கண்ணாடியை மிக விரைவாக அதிரச் செய்து தூசை உதறும் பொறியை அமைத்தது. கனன் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் 400டி என்னும் கமராவில் அத்தகைய ஏற்பாட்டைச் செய்தது. இன்று பெரும்பாலான கமராக்களில் அது காணப்படுகின்றது. உதிர்ந்த தூசைப் பிடித்துக்கொள்ளும் பசைப்பட்டை ஒளியுணரியின் கீழே இருக்கும். ஏட்டைப் படமெடுக்கும்போது கமரா நிலைச்சட்டத்திலே குப்புறத் தொங்குகின்றது. அந்நிலையில் அதிர்வைச் செலுத்தினால் தூசு பசைப்பட்டையிற் சேராது. ஆகவே கமராவைச் சட்டத்திலிருந்து எடுத்து, மேசைமேல் நிமிர வைத்து, அதன்பின் அதிரவிட வேண்டும். பலர் இதனைக் கவனிப்பதில்லை.

அதற்கும் அசையாத தூசுக்கு றப்பர்க் குமிழினால் ஊதுவது இரண்டாவது முறை. குமிழை முதலில் வெளியே சிலமுறை அமுக்கி, அதன் உள்ளே இருக்கும் தூசைப் போக்கவேண்டும். கமராவின் வாய் நிலத்தை நோக்கியிருக்க, மூக்கு உள்ளே நுழையாதவாறு ஊதவேண்டும். வாயினால் ஊதுவது பெருந்தவறு: உமிழ்நீரின் நுண்துளிகள் கண்ணாடியிலே தெறித்து, தூசு இருந்த இடத்தில் கறையை உண்டாக்கும். கணினிக் கடைகளிலே விற்கும் அடைத்த காற்றுக் குப்பிகளையும் விலக்கவேண்டும். அவற்றின் உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்து வெளிப்பட்டுக் கண்ணாடியைக் கறைப்படுத்தும்.

ஓலைக்குப் புல்லெண்ணெய் தடவும் இடங்களில் எழும் எண்ணெய்ப்பசை, கமராவின் ஷட்டரிலிருந்து தெறிக்கும் மசகெண்ணெய், உப்பீரம் பட்டு உலர்ந்த துகள் ஆகியன ஊதுவதற்கு அடங்கா. அவற்றுக்கு ஈரத் துடைப்பே மருந்து. ஒளியுணரியின் உயரத்துக்கு ஒத்த அகலமுடைய துடைகோல்கள் அதற்கென்று விற்கப்படுகின்றன. முழுச்சட்டகத்துக்கு 24 மில்லிமீற்றர், சிறு ஒளியுணரிக்கு 16 மில்லிமீற்றர். கோலின் விளிம்பிலே உரிய திரவத்தை இரண்டு மூன்று துளி மட்டும் இட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை எடுக்காமல் ஒரே இழுப்பாக இழுத்து, கோலைத் திருப்பிப் பிடித்து ஒரே இழுப்பாக மீளவேண்டும். அவ்வளவே. அதே கோலை மறுபடியும் பயன்படுத்துவோர், தாம் எடுத்த மணலைக்கொண்டே கண்ணாடியைக் கீறுகின்றனர். திரவம் மிகுந்தால் ஓரத்திலே வரி வரியாகக் காய்ந்து நிற்கும். மெதனோல் கலந்த திரவம் எரியக்கூடியது, நச்சுத்தன்மையும் உடையது. ஆகையாற் குத்துவிளக்குக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியும் வாசனைத் திரவியமும் வெறுந் தண்ணீரும் இவ்வேலைக்கு ஆகா.

துடைப்பதற்குமுன் மின்கலம் நிறைந்திருக்கின்றதா என்று பார்ப்பது இன்றியமையாதது. ஆடி பொருத்திய பழைய அமைப்பிலான கமராக்களில், ஆடியும் ஷட்டரும் மின்வலியினாலேயே விலகி நிற்கின்றன. துடைத்துக்கொண்டிருக்கையில் மின்வலி தீர்ந்தால் அவை கோலின்மேல் வந்து விழும். ஆடியில்லாத புதிய கமராக்களில் அந்த அச்சம் குறைவு. ஆனால் அவற்றிலே பலவற்றில், வில்லையைக் கழற்றியவுடன் ஒளியுணரி வெளிக்காற்றுக்கு நேரே திறந்து நிற்கின்றது. இவ்விடத்தில் துணிவில்லாதவர் கமராவைத் தேர்ந்த பழுதுபார்ப்பாளரிடம் கொடுப்பதே தக்கது. ஒரு துகளை எடுக்கப்போய்க் கண்ணாடியைக் கீறினால், கமராவின் விலையிற் பெரும்பங்கு அதனோடு போய்விடும்.

உண்மையிலே தூசை எடுக்கும் கலையினும் புகாமற் காக்கும் கலையே மேலானது, செலவும் குறைந்தது. ஏட்டைத் தூசுதட்டும் அறை வேறாகவும் படமெடுக்கும் அறை வேறாகவும் இருக்கவேண்டும். தூரிகையினாற் பொடி தட்டி, எண்ணெய் தடவிய ஓலையை நன்கு உலரவிட்டே மறு அறைக்குக் கொண்டுவரவேண்டும். சோளகம் வீசும் காலத்தில் மேற்குச் சாளரங்களைச் சாத்திவைக்கலாம். மின்விசிறி படமெடுக்கும் அறைக்கு ஆகாது. வியர்வையைப் பொறுத்துக்கொள்ளலாம், விசிறி கிளப்பும் புழுதியைப் பொறுக்க இயலாது. வில்லையை மாற்றும் தேவை நேர்ந்தால் கமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, மாற்றவேண்டிய வில்லையை முன்னரே ஆயத்தமாக வைத்துக்கொண்டு மாற்றவேண்டும். ஒரே வில்லையால் ஒரு கட்டு முழுவதையும் எடுத்து முடிப்பது எல்லாவற்றிலும் சிறந்தது.

இனிக் கணினியில் திருத்துவதைப் பற்றி. படத்திலுள்ள தூசுப் புள்ளியை, அயலிலுள்ள நிறத்தை எடுத்து மூடி மறைக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. ஒரு படத்திலே மூடியதை, அதே இடத்தில், எல்லாப் படங்களிலும் ஒரே கட்டளையால் மூடிவிடவும் கூடும். திருமண வீட்டுப் படத்துக்கு அது மிக நல்ல வசதி. ஏட்டுக்கோ பெரிய ஆபத்து. நாற்பதாவது ஓலையிலே அதே இடத்தில் எழுத்தர் உண்மையாகவே ஒரு புள்ளி இட்டிருந்தாராயின், தூசோடு சேர்த்து அதுவும் துடைபட்டுப் போகும். துடைத்த சுவடும் தெரியாது. பொய்ப் புள்ளி நிற்பதைவிட மெய்ப் புள்ளி மறைவது கொடிது. பொய்ப் புள்ளியை அடுத்த படத்தோடு ஒப்பிட்டாவது கண்டுகொள்ளலாம். மறைந்ததைத் தேட இடமேது? ஆதலினால் ஆவணக் காப்பாளர் மூலப்படத்திற் கை வைப்பதில்லை. திருத்தம் யாவும் பிரதியிலேயே செய்யப்படும்.

தூசின் நிழலை நேர்மையான முறையிலே நீக்கும் வழியை வானியலார் கைக்கொண்டு வருகின்றனர். செமினறியின் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன், தமிழ் வானசாத்திர நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1848ஆம் ஆண்டிலே வெளியிட்டவர். அவ்வூரிலே இம்முறையைக் கூறுவது பொருத்தமே. தொலைகாட்டியோடு கமராவைப் பொருத்தி விண்மீன்களைப் படமெடுப்போருக்கும் தூசு வளையம் வளையமாய் வந்து இடர் செய்கின்றது. அவர்கள் விண்மீன்களை எடுக்கும் அதே அமைப்பிலே, ஒரே சீரான வெற்றொளியையும் ஒரு படம் எடுக்கின்றனர். அப்படத்தில் இருப்பது தூசின் நிழலும் வில்லையின் ஓரமங்கலும் மட்டுமே. விண்மீன் படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் வெற்றொளிப் படத்தின் அதே இடத்துப் பிக்சலால் வகுத்தால், தூசு மறைத்த அளவு ஒளி அவ்விடத்துக்குத் திரும்பக் கிடைக்கின்றது. அயலிலிருந்து நிறத்தைக் கடன் வாங்குவதில்லை. அங்கே உண்மையில் இருந்ததே, மங்கியிருந்த நிலையிலிருந்து மீள்கின்றது. அடியிலே எழுத்தர் இட்ட புள்ளி இருந்தால் அதுவும் பிழைத்திருக்கும்.

ஏட்டுப் படங்களுக்கும் இது முற்றும் பொருந்தும். ஓலையை எடுத்துவிட்டு அதே இடத்தில் கறையில்லாத வெள்ளை அட்டை ஒன்றை வைத்து ஒரு படம் எடுத்தாற் போதும். துவாரம், கமராவின் உயரம், விளக்கு ஆகிய எதனையும் மாற்றலாகாது. துவாரம் மாறினால் நிழலின் அகலமும் கருமையும் மாறிவிடும் என்பது முன்னர்க் கண்டது. குவியத்தை மட்டும் சற்று விலக்கினால் அட்டையின் சொரசொரப்பு விழாது. தூசு ஒரு நாளுக்குள்ளேயே இடம்மாறவும் புதிதாய் வந்து சேரவும் கூடும். ஆகையால் காலையிலே ஒரு வெள்ளைப் படமும், நண்பகல் உணவுக்கு எழுமுன் ஒன்றும், மாலையிலே வேலை முடியும்போது ஒன்றும் எடுக்கவேண்டும். காலைப் படத்தில் இல்லாத புள்ளி மாலைப் படத்திலே இருந்தால், அது வந்த வேளையையும் ஓரளவு கணித்து, எந்த ஓலை தொடக்கம் ஐயத்துக்குரியது என்று குறித்துவைக்கலாம்.

அவ்வெள்ளைப் படங்களைப் பயனற்றவை என்று எண்ணிப் பின்னர் அழித்துவிடுவோரும் உளர். அட்டையைத் தவிர ஒன்றுமில்லாத படத்துக்கு ஏன் இடம் ஒதுக்கவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. அவற்றை அந்தந்த ஏட்டுக்கட்டின் படங்களோடு சேர்த்து, நாளும் வேளையும் கமராவின் பெயரும் துவார எண்ணும் குறித்து, மூலப்படங்களுக்குரிய காப்போடு வைத்திருத்தல் வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மாணவர், இருநூற்றுப் பன்னிரண்டாம் ஓலையின் மூன்றாம் வரியிலே, லகரத்தின் தலைமேல் ஒரு புள்ளியைக் கண்டு ஐயுறுவாராயின், அவர் முதலில் எடுத்துப் பார்க்கவேண்டியது அன்று மாலை எடுத்த வெள்ளை அட்டையின் படத்தையே.